பழைய 67-இன் உயரக் கணக்கு

நாகப்பட்டினத்தில் கடலோரம் புறப்பட்டு, திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோவை, மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று ஏறி, கர்நாடகத்தின் குண்டல்பேட்டில் போய் முடிந்த நெடுஞ்சாலை ஒன்று இருந்தது. தேசிய நெடுஞ்சாலை 67. நீளம் 555 கிலோமீட்டர். 2010-இல் நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது அதைத் துண்டு போட்டு 83, 81, 181 என்று பிரித்துவிட்டார்கள். எண் போனாலும் சாலை போகவில்லை. நெல் வயலின் வரப்போரம் கிளம்பும் அதே தார்ச்சாலைதான் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் மலைக்காட்டுக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

டெல்டாக்காரர் இந்தச் சாலையில் காரில் மலையேற ஏற்ற மாதம் பங்குனி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடும், ஜூன் 12-இல் திறக்கும். சம்பாவும் தாளடியும் அறுத்தாயிற்று. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நெற்பயிருக்குள்ளேயே விதைத்த உளுந்தும் பச்சைப்பயறும் மண்ணில் மிச்சமிருந்த ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்தே விளைந்து, பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு குறுவைக்கு நாற்றங்கால் விடும்வரை வயலில் பெரிய வேலை கிடையாது. மலையிலும் நேரம் தோதாக இருக்கும். உறைபனி போயிருக்கும், மே மாதக் கூட்டம் வந்திருக்காது, தென்மேற்குப் பருவமழையும் அதோடு வரும் மண்சரிவும் இன்னும் இரண்டு மாதம் தள்ளி. காடு காய்ந்து கிடக்கும் மாதமும் இதுவே என்பதை மறக்கக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிப் பயணத்துக்குத் திட்டமிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்பதைத்தான். சமவெளியில் அந்தக் கேள்வி போதும். மலைக்கு வேறு இரண்டு கேள்விகள் வேண்டும்: எத்தனை மீட்டர் ஏறி எத்தனை மீட்டர் இறங்குகிறோம்? எந்த நேரத்தில் எங்கே இருப்போம்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் எங்கே தங்குவது, எந்தப் பக்கமாகச் சுற்றி வருவது, வண்டியில் எதைப் பார்ப்பது எல்லாம் தானே தெளிவாகிவிடும்.

உயரத்தை வரிசையாகப் பாருங்கள். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் 60 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவதில்லை. அந்தச் சரிவில்லாத மண்தான் நமக்கு வாய்க்காலையும் வயலையும் கொடுத்தது. மேற்கே போனாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டி மேட்டுப்பாளையத்தை அடையும்போது நாம் 325 மீட்டர் உயரத்தில் இருப்போம். அடுத்த 50 கிலோமீட்டரில் ஊட்டி. உயரம் 2,240 மீட்டர். முந்நூறு கிலோமீட்டரில் ஏறிய உயரத்தைப்போல ஏழு மடங்கு, அதில் ஆறில் ஒரு பங்கு தூரத்தில்! காலையெல்லாம் ஐந்தாம் கியரில் ஓட்டிக் கால் மரத்துப்போன ஓட்டுநர் அந்தக் கடைசி ஐம்பதைச் சந்திக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊட்டிக்கு அப்பால் சாலை பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்குகிறது. கூடலூர் சுமார் 1,070 மீட்டர். பிறகு தொரப்பள்ளி, தெப்பக்காடு, கக்கநல்லா சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர். காடு முடியும் இடத்தில் மைசூர்ப் பீடபூமியில் குண்டல்பேட், 800 மீட்டர் வாக்கில். வந்த வழியே திரும்பாமல் சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தியமங்கலம், ஈரோடு, கரூர் என்று சுற்றினால் ஒரு முழு வட்டம் கிடைக்கும். திம்பம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? தூரம் எப்படிச் சுற்றினாலும் ஒன்றுதான். மொத்த ஏற்றமும் மொத்த இறக்கமும்கூட ஒன்றுதான். ஆனாலும் குன்னூர் வழியாக ஏறித் திம்பம் வழியாக இறங்குவதுதான் சரி என்று அடித்துச் சொல்வேன். காரணம் பிரேக்கில் இருக்கிறது.

ஆட்களும் பைகளும் சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இறங்கும் உயரம் 1,900 மீட்டர். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 260 லட்சம் ஜூல் ஆற்றல் வருகிறது. மின்சாரக் கணக்கில் 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஏறும்போது என்ஜின் பெட்ரோலை எரித்து இந்த ஆற்றலை வண்டிக்குள் ஏற்றி வைத்தது. என்ஜினின் செயல்திறன் நாலில் ஒரு பங்கு என்றால் உயரம் ஏறுவதற்கு மட்டும் மூன்று லிட்டர் செலவு. இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெளியேறியாக வேண்டும். எங்கும் மறைந்துவிடாது. காற்றைக் கிழிப்பதிலும் டயர் உருள்வதிலும் ஒரு பங்கு போகும். மீதி வெப்பமாகும். மொத்தமும் வெப்பமானால் தொண்ணூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று! அந்த வெப்பத்தில் பெரும்பங்கை நாம் கால்கொண்டு அழுத்தி, சோற்றுத் தட்டளவே உள்ள நாலு இரும்புத் துண்டுகளின் தலையில் ஏற்றுகிறோம்.

இரும்புக்குச் சூடு தாங்கும். சூட்டைத் தாங்காதவை வேறு. பிரேக் கட்டையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் அதிகச் சூட்டில் ஆவியை விடும், உராய்வு குறையும். அழுத்த அழுத்த வண்டி நிற்க மறுக்கும். அதைவிட மோசமானது பிரேக் ஆயில் கொதிப்பது. இன்று பல கார்களில் இருக்கும் ‘டாட் 4’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நாள்பட்டு ஈரம் ஏறியதும் கொதிநிலை 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. கடலோர ஈரக் காற்றிலேயே ஆண்டு முழுக்க நிற்கும் டெல்டா வண்டிக்கு இது கூடுதல் கவலை. சமவெளியில் அந்தப் பழைய ஆயில் எந்தக் குறையும் காட்டாது, ஏனென்றால் அங்கே அது 100 டிகிரியைக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே புறப்படுமுன் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா என்பதுதான். கட்டையின் தடிமன் அடுத்தது.

குன்னூர் மலைப்பாதையில் பர்லியார்ப் பக்கம் பழக்கடைகளின் ஓரமாக நின்று இறங்கி வரும் வண்டிகளைக் கவனித்தால் யார் எப்படி இறங்குகிறார்கள் என்று மூக்குக்கே தெரியும். காந்தல் வாடை வந்தால் அந்தக் காரின் பின்விளக்கு வளைவுக்கு வளைவு அணையாமல் எரிந்துகொண்டே வந்திருக்கும். பக்கத்திலேயே வரும் பழைய லாரி என்ஜின் உறும மெதுவாக வரும். வாடை இருக்காது. அந்த லாரி ஓட்டுநர் ஏறும் கியரிலேயே இறங்குகிறார். மலைச்சாலை ஓட்டத்தில் இதற்கு மேல் ஒரு விதி இல்லை. இரண்டாம் கியரில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. காற்றை உறிஞ்சவும் அமுக்கவும் என்ஜின் படும் பாட்டில் ஆற்றல் கரைகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள ரேடியேட்டர் இருக்கிறது, ஓடும் தண்ணீர் இருக்கிறது, விசிறி இருக்கிறது. பிரேக்குக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இது ஆபத்து மட்டுமில்லை, மிச்சமும் இல்லை. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரோடு இறங்கும்போது என்ஜினுக்குப் போகும் எரிபொருள் முழுவதுமாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். என்ஜினையே அணைத்துவிடுவது இன்னும் விபரீதம். பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடமும் ஸ்டியரிங்குக்குத் துணைபுரியும் விசையும் சேர்ந்தே போய்விடும்.

இப்போது திசைக்கு வருவோம். திம்பத்தில் ஏறி ஊட்டி வழியாகத் திரும்பினால், பயணத்தின் கடைசியில், களைத்துப்போன நேரத்தில், 1,900 மீட்டரையும் ஒரே தொடராக இறங்க வேண்டும். குன்னூரில் ஏறிப் போனால் அதே இறக்கம் இரண்டாகப் பிரிகிறது. ஊட்டியிலிருந்து கூடலூருக்கு 1,170 மீட்டர் ஒரு நாள். இடையில் பந்திப்பூரும் பீடபூமியும் சமதளம், பிரேக்குக்கும் காலுக்கும் ஓய்வு. பிறகு வேறொரு காலையில் திம்பத்திலிருந்து எண்ணூறு மீட்டர் வாக்கில். ஏறுவதால் வண்டிக்கு ஆபத்து குறைவு. திணறினால் கியரைக் குறைக்கலாம், ஓரமாக நிறுத்தலாம். வேகம் மிஞ்சுமோ என்ற பயம் இல்லை. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியும் நமக்குச் சாதகம். சீசனில் நீலகிரிக் காவல்துறை குன்னூர்ச் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரிச் சாலையை இறங்குவதற்கும் ஒதுக்குவதுண்டு. அந்த ஏற்பாட்டோடும் இந்தத் திசை ஒத்துப்போகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பக்கத்தில் மலை ரயில் பாதை வந்துபோகும். 1899-இல் குன்னூர்வரை திறந்தார்கள், 1908-இல் ஊட்டியை அடைந்தது. 12 அடிக்கு ஓரடி ஏறும் அந்தச் சரிவில் வழவழப்பான இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புப் போதாது என்பதால் நடுவில் பல் பதித்த தண்டவாளத்தையும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பற்கள் ஏற்றத்துக்கு உதவுகிற அளவுக்கு இறக்கத்துக்கும் உதவுகின்றன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பொறியாளர்கள் இறங்குவதைக் கணக்கில் வைத்துத்தான் பாதையை வகுத்தார்கள்.

கைபேசி வரைபடம் இந்தக் கணக்கைப் போடாது. ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு வழி கேட்டால் கல்லட்டி வழியாக 36 கிலோமீட்டர், கூடலூர் வழியாக 67 கிலோமீட்டர். குறைந்த தூரத்தைக் காட்டத்தான் அதற்குத் தெரியும். இறங்கும் உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று, வெளியேற வேண்டிய வெப்பமும் ஒன்று. ஆனால் கல்லட்டியில் அந்த உயரத்தின் பெரும்பகுதி 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் அடைந்து கிடக்கிறது. ஒரே அளவு சூடு குறைந்த நேரத்தில் பிறக்கிறது. காற்று அதை ஆற்றுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அது இங்கே உயிர்ப் பிரச்சினை. கல்லட்டியில் வெளியூர்க் கார்கள் பல விழுந்திருக்கின்றன. வெளியூர் வண்டிகள் அங்கே இறங்கக் கட்டுப்பாடு வந்ததும் அதனால்தான். நடுவட்டம் வழியாகவே போங்கள். கூடுதல் 31 கிலோமீட்டர் வீண் இல்லை.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 76 சதவீதம். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் அதன் வலுவும் அந்த அளவு குறையும். ஊட்டிக்கு முந்தைய லவ்டேல் ஏற்றத்தில் கார் சோம்பினால் பழுது என்று பதற வேண்டாம். ஏ.சி.யை அணைத்து, ஒரு கியர் குறைத்தால் போதும். முறுக்குப் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்துவிட்டு டயரும் அப்படி உப்பியிருக்குமே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். தஞ்சாவூரில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயருக்கு ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி மூன்றரை கூட்டிக் காட்ட வேண்டும். அதே நேரம் டயர்க் காற்று 15 டிகிரி குளிர்வதால் இரண்டு சொச்சம் குறையும். கூட்டிக் கழித்தால் 33. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதே சரி.

அரிசியும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு வேனில் போகிற குடும்பங்கள் நம் பக்கம் அதிகம். அவர்களுக்கு ஒரு செய்தி: ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்துப் பயனில்லை, சூடு குறைவு. வடித்த சோறு நடுவில் விதை விதையாக நிற்கும். குக்கர் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. மூடிக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் மீண்டும் நூறைத் தாண்டும். உடம்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். வளைவுகளில் வரும் வாந்திக்குக் காரணம் வேறு. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு ‘திரும்புகிறோம்’ என்கிறது, கைபேசியைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. மூளை குழம்புகிறது. பிள்ளைகளைச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சையில் 37 டிகிரி கொளுத்தும் சித்திரைப் பகலில் ஊட்டியில் 23 டிகிரி. சூரியனுக்கு நெருங்கிப் போகிறோம், குளிர்கிறதே என்று குழந்தைகள் கேட்பார்கள். சூரியன் காற்றை நேரே சூடாக்குவது குறைவு. தரையைச் சுட வைக்கிறது, தரை காற்றைச் சுட வைக்கிறது. சூடான காற்று மேலே எழும்போது, சுற்றிலும் அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி. 2,180 மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், 14 வரும். முப்பத்தேழில் பதினான்கு போனால் இருபத்து மூன்று! குளிர்கிறதே என்று வெயிலில் தலையைக் காட்டிக்கொண்டு நடப்பதும் கூடாது. மேலே புற ஊதாக் கதிர் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம், தோல் கறுத்த பிறகுதான் தெரியும்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் இதே ஆறரை டிகிரிக் கணக்குத்தான். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாய் 2,106 மீட்டர், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. இத்தாலியில் சுவிஸ் எல்லையை ஒட்டிய ஸ்டெல்வியோ 2,757 மீட்டர், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் அவை பூமத்திய ரேகையிலிருந்து 46 பாகை வடக்கே இருக்கின்றன. அங்கே அடிவாரமே நமக்குக் குளிர். அதில் பதினைந்து டிகிரி கழித்தால் பனிதான். ஆகவே அங்கே வசந்த காலத்தில் காரில் கிளம்புகிறவர்களின் முதல் கேள்வி, எந்தக் கணவாய் திறந்திருக்கிறது என்பது. ஸ்டெல்வியோ மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலை மே தொடக்கத்தில் திறந்தாலும் இரவில் மூடிவிடுவார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் நம் மலை எல்லையும் மூடுகிற எல்லைதான். மூடவைப்பவை வறட்சியும் நெருப்பும் யானையும்.

நடுவட்டத்திலிருந்து இறங்கும்போது நிலம் பேசத் தொடங்கும். கூடலூர் நல்ல மழை ஊர், தேயிலையும் காபியும் மிளகும் செழித்திருக்கும். அங்கே பெய்யும் மழையில் பெரும்பங்கு பாண்டியாற்றின் வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. நம் வட்டப் பாதையில் காவிரிக்குச் சேராத நீர் இந்தக் கொஞ்ச தூரத்தில்தான். தெப்பக்காட்டில் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடுவது மாயாறு. பைக்காராவின் தண்ணீர்தான் அது. அது பவானியில் சேர, பவானி காவிரியில் சேர, நம் வாய்க்காலுக்கு வந்துவிடும். கூடலூரிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் ஓட்டுவதற்குள் மரங்கள் குட்டையாகி, இலை உதிர்ந்து, முட்புதராக மாறிவிடும். முதுமலைக் காட்டின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை கிழக்கு ஓரத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுவதால் வரும் மழை மறைவு அது. புத்தகத்தில் ஒரு படமாகப் பார்த்ததை இங்கே கார்க் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.

பங்குனியில் இந்தக் காட்டின் அழகு தனி. தேக்கு இலையில்லாமல் நிற்கும், புரசு செந்நிறமாகப் பூத்திருக்கும், சித்திரையை ஒட்டிச் சரக்கொன்றை. கோடையின் முதல் நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காபித் தோட்டங்கள் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும், வாசம் சாலைவரை வரும். ஆனால் தரையில் காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும் நெருப்புக்குக் காத்துக் கிடக்கின்றன. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் எரிந்தது நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய தீ மலையேறப் போன 23 பேரைக் கொண்டுபோனது. நம் காடுகளில் தீ தானாகப் பிடிப்பது மிக அரிது. ஏறக்குறைய எல்லாமே மனிதக் கை. சாலையின் இருபுறமும் கரியாகக் கிடக்கும் பட்டைகளைப் பார்த்தால் காடு எரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வனத்துறையினர் முன்கூட்டியே புல்லை எரித்துப் போட்ட தீத்தடுப்புக் கோடுகள் அவை, தீ வந்தாலும் அந்த இடத்தில் தின்ன ஒன்றும் இருக்காது. அந்தக் கோட்டின் அகலத்தைத் தாண்டி ஒரு பீடித் துண்டு பறக்க ஒரு காற்று போதும். காட்டுக்குள் இறங்காதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள். வறட்சி கடுமையான ஆண்டுகளில் முதுமலைச் சுற்றுலாவையே நிறுத்தி வைப்பதுண்டு. கிளம்புமுன் விசாரிக்க வேண்டும்.

இரவைப் பற்றிய விதி இன்னும் உறுதியானது. பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்து 2009 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2010-இல் அதை உறுதி செய்தது. திம்பம் சாலைக்கும் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இரவுத் தடை வந்தது. இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று எண்ணுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். காரின் தாழ்விளக்கில் சாலை நாற்பது ஐம்பது மீட்டர்வரைதான் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஏதோ நிற்கிறது என்று கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20. மொத்தம் 45. எண்பதில் போனால் எழுபதை ஒட்டிவிடும், அதாவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். மானுக்காவது கண் மின்னும். புழுதி படிந்த யானைத் தோல் வெளிச்சத்தைத் திருப்பியே தராது. பகலிலும் நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். நாற்பதில் மொத்தம் 26 மீட்டரில் வண்டி நின்றுவிடும்.

அதுவும் பங்குனி யானைகள் ஓயாமல் நடக்கிற காலம். ஓடைகள் வற்ற வற்ற அவை நீர் இருக்கும் இடங்களை நோக்கி, குறிப்பாகக் கபினி நீர்த்தேக்கத்தின் கரைகளை நோக்கி நகர்கின்றன. முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதியின் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தங்குமிடம் தேடும்போது ‘காட்டுக்கு நடுவே’ என்று விளம்பரம் செய்யும் விடுதியைவிட கூடலூர் நகரத்திலோ குண்டல்பேட்டிலோ தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். யானை நடக்கும் வழியில் நமக்குப் படுக்கை வேண்டாம்.

இனி மணிக்கணக்கு. நீலகிரிக்குள் போக இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன்வரை வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். திங்கள் கிளம்பி வெள்ளி திரும்புவது எல்லா வகையிலும் நல்லது. வாடகைக் கார் என்றால் கர்நாடகத்துக்கான பர்மிட்டையும் முன்பே கேட்டுவிடுங்கள். தஞ்சாவூரில் விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டால், கரூரிலிருந்து காங்கேயம், அவிநாசி, அன்னூர் வழியாகக் கோவை நெரிசலைத் தவிர்த்து, 10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இருக்கலாம். அங்கே ஓட்டுநர் அரை மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். பிறகு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் குன்னூர். அன்றே ஊட்டிவரை போக வேண்டிய அவசியமில்லை.

மதியத்துக்குள் ஏறி முடிக்கச் சொல்வதற்குக் காரணம் கோடை மழை. மார்ச் கடைசியிலிருந்து மலைச் சரிவுகள் காலை வெயிலில் சூடேறி, ஈரக் காற்றை மேலே இழுக்கின்றன. பகல் இரண்டு மணிக்கு மேல் அது இடிமேகமாகத் திரளும், மாலையில் கொட்டும். மாதக்கணக்கில் மழை பார்க்காத தார்ச்சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் ரப்பர்த் தூளும் முதல் தூறலில் கிளம்பி மேலே மிதக்கும். பெருமழையில் அது கழுவிக்கொண்டு போய்விடும், ஆனால் அந்த முதல் கால் மணி நேரம் சாலை வழுக்கும். கூடவே மேகம் சாலைக்கே இறங்கிவிடும். காலை நேரத்தில் அதே சாலை தெளிவாக, உலர்ந்து கிடக்கும். ஆகவே ஏறுவதோ இறங்குவதோ எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொண்டு, பிற்பகலை ஊர் சுற்றவும் உறங்கவும் விடுவதே புத்தி.

மின்கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். எடை கூடுதல் என்பதால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற, வழக்கமான செலவுக்கு மேல் ஒன்பது பத்து யூனிட் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் நல்ல பங்கைத் திருப்பித் தரும், பிரேக்கும் சூடாகாது. ஆனால் ஊட்டி விடுதியில் இரவெல்லாம் செருகி நூறு சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், நிறைந்த பாட்டரியால் அந்த மின்சாரத்தை வாங்க முடியாது. மோட்டாரின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். மலை உச்சியில் எண்பது சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் குண்டல்பேட்டிலிருந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினால், சாமராஜநகர் தாண்டி ஆசனூர்க் காட்டில் நிதானமாக வந்து, பத்து மணிக்குள் திம்பம் உச்சியில் நிற்கலாம். அங்கிருந்து இருபத்தேழு வளைவும் இரண்டாம் கியர், அவசியமான இடத்தில் முதல் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒரு முறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் காற்று டிஸ்கை ஆற்றுகிறது. கனரக லாரி எதிரே வந்தால் வளைவுக்கு மேலேயே நின்று அதற்கு முழு இடமும் கொடுங்கள், அதற்கு இரண்டு பக்கச் சாலையும் வேண்டும். பண்ணாரி வந்ததும் உடனே நிறுத்திக் கைப்பிரேக் போடுவதைத் தவிர்க்கலாம். சூடான டிரம் அந்த இடத்திலேயே இறுகிப் பிடித்துக்கொண்டு ஆறும். சூட்டைத் தணிக்கிறேன் என்று சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் வளையும், விரிசலும் விடும். சத்தியமங்கலம் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள், காற்றே ஆற்றிவிடும். அதன்பின் நிறுத்திச் சாப்பிடலாம்.